உப்புமூட்டை ஏறிப் போன விண்வெளி ஓடம்

ஒரு பெரிய விமானம், அதன் முதுகில் வெள்ளையும் கறுப்புமாக ஒரு விண்வெளி ஓடம். இந்தப் படத்தை எங்கேயாவது பார்த்திருப்பீர்கள். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் காலை வணக்கத்துக்கும் முழங்கால் வலிக்கான கைவைத்தியத்துக்கும் நடுவில் இது அவ்வப்போது வந்து போகும். பார்த்தவர்கள் ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். இப்படித்தான் ஓடத்தை விண்வெளிக்கு அனுப்புகிறார்கள் என்பார் ஒருவர். இறக்கைதான் இருக்கிறதே, தானே பறந்து போக வேண்டியதுதானே என்பார் இன்னொருவர். எல்லாம் கிராபிக்ஸ் என்று முடித்துவிடுவார் மூன்றாமவர். மூன்றுமே தவறு. இதைவிட அதிகமாக எனக்குக் கேட்கக் கிடைப்பது வேறொரு கேள்வி: "அவ்வளவு எடையை ஒரு விமானம் எப்படித் தூக்குகிறது?"

உண்மையில் எடை அங்கே பெரிய பிரச்சினையே இல்லை. பிரச்சினை காற்று. அதைப் புரிந்துகொண்டால் அந்தப் படத்தில் விநோதமாகத் தெரியும் ஒவ்வொரு பாகத்துக்கும் காரணம் பிடிபட்டுவிடும்.

படம் எடுக்கப்பட்டது போகும்போது அல்ல, வரும்போது

அமெரிக்காவின் விண்வெளி ஓடங்கள் புளோரிடாவில் உள்ள கென்னடி விண்வெளி மையத்திலிருந்து, பெரிய எரிபொருள் தொட்டியும் இரண்டு பக்கவாட்டு ராக்கெட்டுகளும் துணைக்கு இருக்க, செங்குத்தாகக் கிளம்பிப் போயின. திரும்பி வரும்போது தொட்டியும் கிடையாது, ராக்கெட்டுகளும் கிடையாது. ஓடம் மட்டும் காற்றில் சறுக்கிக்கொண்டு வந்து ஓடுபாதையில் இறங்கும்.

வீட்டு வாசலிலேயே, அதாவது கென்னடி மையத்திலேயே இறங்கினால் வேலை முடிந்தது. ஆனால் புளோரிடா வானிலையை நம்ப முடியாது, மதியம் வெயிலடிக்கும், மாலைக்குள் இடி மின்னல் வந்துவிடும். அப்போதெல்லாம் நாட்டின் மறுகோடியில், கலிபோர்னியாவின் எட்வர்ட்ஸ் விமானப்படைத் தளத்தில் இறக்கினார்கள். அங்கே வறண்ட ஏரிப்படுகை மைல் கணக்கில் தட்டையாகக் கிடக்கிறது, பாதை தவறினாலும் ஆபத்தில்லை. ஆரம்ப காலப் பயணங்களில் எட்வர்ட்ஸில் இறங்குவதுதான் திட்டமே. கென்னடி மையத்தில் ஓர் ஓடம் முதன்முதலாக இறங்கியது 1984 பிப்ரவரியில்தான்.

ஓடங்கள் மொத்தம் 135 முறை கிளம்பின. சேலஞ்சரையும் கொலம்பியாவையும் ஏழேழு பேரோடு இழந்த இரண்டு பயணங்கள் போக, 133 முறை தரையிறங்கின. அதில் 78 கென்னடியில், 54 எட்வர்ட்ஸில், ஒன்று நியூ மெக்சிகோவின் வொயிட் சாண்ட்ஸில். ஆக 55 முறை ஓடம் வீட்டிலிருந்து ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி நின்றது. அடுத்த பயணத்துக்குத் தயார் செய்யும் கூடங்களும் ஏவுதளமும் புளோரிடாவில்தான் இருந்தன. எனவே அதை வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்தாக வேண்டியிருந்தது. அந்தப் படம் இந்த வீடு திரும்பும் பயணத்தில் எடுத்தது.

இறக்கை இருக்கிறதே, தானே பறக்கக் கூடாதா?

கூடாது, ஏனென்றால் அதற்கு மூச்சு இல்லை. பின்பக்கம் தெரியும் மூன்று பெரிய என்ஜின்களுக்கும் எரிபொருள் வெளியே இருந்த அந்தப் பெரிய தொட்டியிலிருந்து வந்தது. தொட்டியைப் போகும் வழியிலேயே கழற்றி விட்டாயிற்று. அதன் பிறகு அந்த என்ஜின்கள் வெறும் சுமைதான்.

மிச்சமிருப்பது இறக்கை. ஆனால் அது பறந்துகொண்டே இருப்பதற்கான இறக்கை இல்லை, விழுவதை ஒழுங்காக விழ வைப்பதற்கான இறக்கை. தரையை நெருங்கும் கட்டத்தில் ஓடம் ஒரு கிலோமீட்டர் கீழே இறங்கினால் முன்னே நாலரை கிலோமீட்டர்போலத்தான் நகரும். நல்ல சறுக்கு விமானங்கள் அதே இறக்கத்தில் நாற்பது கிலோமீட்டர் போய்விடும். ஓட்டியவர்களே இதைச் செங்கல்லோடு ஒப்பிடுவதுண்டு. ஓடத்திலேயே ஜெட் என்ஜின்களை மாட்டிவிடலாமா என்று வடிவமைப்புக் காலத்தில் யோசித்தார்கள்தான். எடை கூடும், சிக்கல் கூடும் என்று கைவிட்டார்கள்.

சரி, லாரியில் ஏற்றலாமே? இறக்கையின் குறுக்களவு சுமார் 24 மீட்டர், நீளம் 37 மீட்டர், வால் நுனி 17 மீட்டர் உயரத்தில். 2012 அக்டோபரில் எண்டெவர் ஓடத்தை லாஸ் ஏஞ்சலஸ் விமான நிலையத்திலிருந்து அதே ஊரில் இருக்கும் அருங்காட்சியகத்துக்குத் தெருவழியே கொண்டுபோனார்கள். தூரம் வெறும் 19 கிலோமீட்டர். நம் ஊர்த் தேர் மாதிரி, முக்குக்கு முக்கு நின்று, திரும்பி, கம்பிகளை அவிழ்த்து, கிட்டத்தட்ட மூன்று நாள் ஆனது. வழியில் சுமார் 400 மரங்களை வெட்ட வேண்டியிருந்தது, அதற்கு அந்தப் பகுதி மக்கள் சண்டை போட்டார்கள், நியாயமான சண்டைதான். எட்வர்ட்ஸிலிருந்து கென்னடி மையம் 3,500 கிலோமீட்டர். கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

இதுவரை சொன்னதைச் சுருக்கினால்: ஓடம் விண்வெளிக்குப் போனது ராக்கெட் உதவியோடு. திரும்பியது என்ஜின் இல்லாத சறுக்கு வண்டியாக. வேற்றூரில் இறங்கிவிட்டால் அதனால் தானாகக் கிளம்ப முடியாது, சாலையிலும் அடங்காது. யாராவது தூக்கிக்கொண்டுதான் வர வேண்டும்.

அரிசி மூட்டையும் மெத்தையும்

இப்போது முக்கியமான இடத்துக்கு வருவோம். டிவிஎஸ் 50-யில் அரிசி மூட்டை ஏற்றிப் போகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். ஐம்பது கிலோ, எழுபது கிலோ, காலுக்கு நடுவில் ஒன்று, பின்னால் ஒன்று. மெதுவாக ஆனாலும் சிரமமில்லாமல் போவார்கள். அதே வண்டியில் பத்துப் பன்னிரண்டு கிலோ ரப்பர் மெத்தையை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு போய்ப் பாருங்கள். வேகம் எடுத்ததும் வண்டி பின்னால் இழுக்கும், எதிரே பேருந்து வந்தால் பக்கவாட்டில் தள்ளும், ஓட்டுகிறவருக்கு உயிர் போய் உயிர் வரும். மூட்டையை விட மெத்தையின் எடை பல மடங்கு குறைவு. ஆனால் அது காற்றைப் பிடிக்கிறது.

ஓடுகிற பொருளை எதிர்காற்று பின்னோக்கி இழுக்கும் இந்த விசைக்குக் காற்றிழுவை என்று பெயர். பொருள் எவ்வளவு பெரியது, எவ்வளவு வழவழப்பான வடிவம், எவ்வளவு வேகம் என்பவற்றைப் பொறுத்து இது கூடும், குறையும்.

ஓடத்தின் எடை, உள்ளே சரக்கு இல்லாமல், சுமார் 78 டன். கேட்க மலைப்பாக இருக்கும். ஆனால் படத்தில் அதைச் சுமக்கும் விமானம் போயிங் 747. அதன் சரக்கு ரகங்கள் 100 டன்னுக்கும் மேல் சாதாரணமாகத் தூக்குபவை. எனவே எடையைப் பொறுத்தவரை ஓடம் அரிசி மூட்டைதான். வயிற்றுக்குள் வைக்க முடிந்திருந்தால் யாரும் பேசியிருக்கவே மாட்டார்கள். உள்ளே அடங்காமல் முதுகில் ஏற்றியதால் அது மெத்தை ஆகிவிட்டது.

இதன் விலை எவ்வளவு என்று ஒரே கணக்கில் தெரிந்துவிடும். நாசா வைத்திருந்த சுமை விமானம் தனியாகப் பறந்தால் நிற்காமல் சுமார் 10,000 கிலோமீட்டர் போகும். ஓடத்தை ஏற்றிக்கொண்டால் சுமார் 1,850 கிலோமீட்டர். அதனால்தான் கலிபோர்னியாவில் கிளம்பினால் ஒரே மூச்சில் புளோரிடா போய்ச் சேர முடியாமல், வழியில் டெக்சஸ் போன்ற இடங்களில் இறங்கி எரிபொருள் நிரப்பிக்கொண்டு போனது. பயணிகள் விமானங்கள் பத்தாயிரம் மீட்டருக்கு மேலே பறக்கும்போது இந்த ஜோடி சுமார் 4,500 மீட்டரில் போனது. மேலே போகப் போகக் காற்று மெலிந்து என்ஜின் தள்ளும் வலுவும் குறையும், இத்தனை இழுவையைச் சுமந்துகொண்டு அங்கே தாக்குப்பிடிக்க மிச்ச வலு இருக்காது.

பின்பக்கத் தொப்பி

படத்தை நன்றாகப் பாருங்கள். ஓடத்தின் பின்புறத்தில் மூன்று என்ஜின் கூம்புகள் தெரிய வேண்டும் இல்லையா? தெரியாது. அங்கே கூராக முடியும் ஒரு வெள்ளை உறை இருக்கும். நாம் இதை வால்கூம்பு என்று சொல்லிக்கொள்வோம்.

காற்றுக்கு முன்பக்கத்தை விடப் பின்பக்கம்தான் முக்கியம் என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். மீனைப் பாருங்கள், தலை கொஞ்சம் மொத்தையாக இருந்தாலும் வால் பக்கம் மெலிந்து முடியும். சட்டென்று வெட்டினாற்போல் முடியும் பொருளுக்குப் பின்னால் காற்று ஒட்டி வராமல் பிய்ந்து சுழல ஆரம்பிக்கும். வேகமாகப் போகும் லாரிக்குப் பின்னால் பைக்கில் போயிருந்தால் சட்டை படபடவென்று அடிப்பதும் தூசி சுழல்வதும் தெரிந்திருக்கும். அதுதான் கொந்தளிப்பு, அதாவது ஒழுங்கான ஓட்டம் கலைந்து தாறுமாறாகச் சுழலும் காற்று.

ஓடத்தின் பின்புறம் அந்த லாரியேதான், இன்னும் மோசம், மூன்று பெரிய குழாய்கள் வேறு துருத்திக்கொண்டு இருக்கும். வால்கூம்பை மாட்டினால் காற்று நழுவி ஒன்றுசேர வழி கிடைக்கிறது. எவ்வளவு வித்தியாசம் என்பதற்குக் கைமேல் சான்று இருக்கிறது. 1977-இல் எண்டர்பிரைஸ் என்ற சோதனை ஓடத்தை விமானத்தின் முதுகிலிருந்து நடுவானில் விடுவித்துத் தரையிறக்கிப் பார்த்தார்கள். ஆகஸ்ட் 12 அன்று வால்கூம்போடு விட்டபோது இறங்க 5 நிமிடம் 21 வினாடி ஆனது. அக்டோபர் 12 அன்று வால்கூம்பு இல்லாமல், ஏறக்குறைய அதே உயரத்திலிருந்து விட்டபோது 2 நிமிடம் 34 வினாடியில் தரைக்கு வந்துவிட்டது. பாதி நேரம்கூட இல்லை. ஒரு தொப்பிக்கு இவ்வளவு!

விமானத்தின் வாலில் முளைத்த இரண்டு துடுப்புகள்

அப்புறம் இன்னொரு சிக்கல். ஓடத்துக்கு நேர் பின்னால் என்ன இருக்கிறது? 747-இன் நிமிர்ந்த வால். அம்புக்குப் பின்னால் இறகு கட்டுவது எதற்கோ அதற்குத்தான் விமானத்துக்கு அந்த வாலும்: மூக்கு பக்கவாட்டில் திரும்பாமல் நேராக வைத்திருக்க. ஆனால் இறகு வேலை செய்ய அதன் மேல் சீரான காற்று பட வேண்டும். ஓடம் முன்னால் உட்கார்ந்துகொண்டு கலக்கிவிட்ட காற்றுதான் இங்கே வாலுக்கு வந்து சேரும். வால்கூம்பு அதைக் குறைக்கும், முழுக்க நீக்காது.

அதற்காகத்தான் 747-இன் கிடைமட்ட வால் இறக்கைகளின் இரு நுனிகளிலும் நிமிர்ந்த தகடு ஒவ்வொன்றைப் பொருத்தினார்கள். ஓடத்தின் நிழலிலிருந்து விலகி, கலங்காத காற்றில் அவை நிற்கும். சோவியத் யூனியன் தன்னுடைய புரான் ஓடத்துக்காகச் செய்த அன்டோனோவ் 225 விமானத்தில் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். நடு வாலே கிடையாது, இரு ஓரத்திலும் இரண்டு வால்கள் மட்டும். முதுகில் சுமப்பதற்கென்றே வடிவமைத்தால் இப்படித்தான் வரும். 1989 பாரிஸ் விமானக் கண்காட்சிக்கு அது புரானைச் சுமந்துகொண்டு வந்தது. ஒரே ஒரு விமானம்தான் கட்டினார்கள், அதுவும் 2022-இல் உக்ரைன் போரில் அழிந்துபோனது.

அமெரிக்கர்கள் ஏன் புதிதாகச் செய்யவில்லை? செலவுதான். முதலில் விமானப்படையின் சி-5 கேலக்சியைத்தான் பார்த்தார்கள். அதன் வால் உச்சியில்தான் கிடைமட்ட இறக்கை இருக்கும், ஓடம் கலக்கும் காற்று நேராக அங்கே போய் மோதும். மேலும் அந்த விமானம் விமானப்படைக்குத்தான் சொந்தமாக இருக்கும். எனவே அமெரிக்கன் ஏர்லைன்ஸிடமிருந்து பழைய 747 ஒன்றை நாசா 1974-இல் வாங்கியது. பல வருடம் அந்த நிறுவனத்தின் வண்ணப் பட்டைகள்கூட அதன் உடம்பில் அப்படியே இருந்தன. இரண்டாவது விமானம் ஜப்பான் ஏர்லைன்ஸிலிருந்து வந்தது, 1991-இல் வேலைக்குச் சேர்ந்தது.

முதுகில் ஏற்றுவது என்பதையே பலர் முதலில் நம்பவில்லை. ஜான் கைக்கர் என்ற நாசா பொறியாளருக்கு ரேடியோவில் இயக்கும் சிறு விமானங்கள் செய்வது பொழுதுபோக்கு. 747 ஒன்றும் அதன் மேல் ஓடம் ஒன்றும் பொம்மை அளவில் செய்து, இரண்டையும் சேர்த்துப் பறக்கவிட்டு, நடுவானில் பிரித்தும் காட்டினார். விண்வெளித் திட்டத்தின் பெரிய முடிவு ஒன்றுக்குப் பின்னால் ஒருவரின் ஞாயிற்றுக்கிழமைப் பொழுதுபோக்கு இருப்பது எனக்குப் பிடித்திருக்கிறது.

சுருக்கமாக: எடையை 747 தாங்கும். காற்றிழுவையைக் குறைக்க ஓடத்துக்கு வால்கூம்பு. கலங்கிய காற்றிலும் விமானம் நேராகப் போக வாலில் கூடுதல் துடுப்புகள்.

விட்டால் ஓடம் விமானத்தின் வாலில் மோதாதா?

1977 சோதனையைச் சொன்னதும் எல்லோரும் கேட்பது இது. உண்மையில் மேலே இருந்து ஓடம் கீழே விழவில்லை, கீழே இருந்த விமானம்தான் நழுவிக்கொண்டது. ஓடத்தை மூக்கு சற்றே மேல்நோக்கி இருக்கும்படி பொருத்தியிருந்தார்கள். அதனால் ஓடத்தின் இறக்கையில் தூக்குவிசை உண்டானது. தூக்குவிசை என்பது இறக்கையைக் காற்று மேல்நோக்கித் தள்ளும் விசை. ஓடும் பேருந்தின் ஜன்னலில் கையை வெளியே நீட்டி லேசாகச் சாய்த்தால் கை தானாக எழும்புமே, அதேதான் (நீட்டிப் பார்க்காதீர்கள், கண்டக்டர் திட்டுவார்). சுமார் 7,300 மீட்டர் உயரத்தில் 747 மெல்லக் கீழ்நோக்கிச் சாய்ந்து இறங்க, ஓடம் மேலே போகத் துடிக்கும். அந்த நொடியில் ஓடத்தின் விமானிகள் இரண்டையும் பிணைத்திருந்த வெடிபோல்ட்டுகளை, அதாவது வெடித்து விடுபடும் போல்ட்டுகளை, தட்டிவிட, இரண்டும் பிரிந்தன. ஓடம் வலப்பக்கம் திரும்பியது, விமானம் இடப்பக்கம்.

ஊருக்குத் திரும்பும் பயணங்களில் இந்தப் பிரிதலே கிடையாது. ஓடத்தில் ஆள் இருக்க மாட்டார்கள். இழுவையைக் குறைக்க மூக்கையும் இன்னும் தாழ்த்தித்தான் வைத்திருப்பார்கள்.

ஆகஸ்ட் 12 சோதனையில் எண்டர்பிரைஸில் இருந்தவர்கள் அப்போலோ 13 புகழ் ஃபிரெட் ஹெய்ஸும் கார்டன் ஃபுல்லர்டனும். ஃபுல்லர்டன் பிறகு கொலம்பியாவில் விண்வெளிக்குப் போனார், வொயிட் சாண்ட்ஸில் நடந்த அந்த ஒரே தரையிறக்கத்திலும் இருந்தார், அதற்கும் பிறகு அதே சுமை விமானத்தின் விமானி இருக்கையிலும் உட்கார்ந்தார். மேலேயும் இருந்தவர், கீழேயும் இருந்தவர்.

ஏற்றும் நாள்

ஓடம் வந்து இறங்கியதும் நச்சு எரிபொருள் மிச்சங்களைப் பாதுகாப்பாக்கி, மீந்த திரவ வாயுக்களை வடித்து, வால்கூம்பை மாட்டி முடிக்க ஒரு வாரமாவது ஆகும். பிறகு எட்வர்ட்ஸில் நிரந்தரமாக நின்ற ஓர் உயரமான இரும்புச் சட்டகத்துக்குள் ஓடத்தைத் தள்ளிக்கொண்டு போய், நேராக மேலே தூக்கி, சக்கரங்களை உள்ளே மடக்கிவிட்டு, அடியில் 747-ஐ ஓட்டி நிறுத்துவார்கள். அதாவது ஓடத்தைத் தூக்கி நிறுத்திவிட்டு, அடியில் விமானத்தை நுழைத்தார்கள். தலையில் சுமையேற்றும்போது பக்கத்தில் இருப்பவர் சுமையைப் பிடித்துக்கொள்ள நாம் குனிந்து உள்ளே புகுவதில்லையா, அதே முறை.

விமானத்தின் முதுகில் மூன்று தாங்கிகள், முன்னால் ஒன்று, பின்னால் இரண்டு. ஓடத்தின் வயிற்றில் அதே மூன்று இடங்களில்தான் கிளம்பும்போது எரிபொருள் தொட்டியும் பொருந்தியிருக்கும், எனவே புதிதாக எங்கும் துளை போட வேண்டியதில்லை. அந்தத் தாங்கியில் யாரோ ஒரு குறும்புக்காரர் எழுதிவைத்த வாசகம் பிரபலம்: "ஓடத்தை இங்கே பொருத்தவும். குறிப்பு: கறுப்புப் பக்கம் கீழே."

மழை பெய்தால் பயணம் ரத்து

அந்தக் கறுப்புப் பக்கம் என்பது வெப்பக்காப்பு ஓடுகள். ஓட்டுவீட்டு ஓடு மாதிரி வரிசையாக ஒட்டியிருக்கும், ஆனால் சிலிக்கா இழைகளால் ஆனவை, கனஅளவில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் வெறும் காற்றுதான். வளிமண்டலத்துக்குள் நுழையும்போது ஆயிரம் டிகிரிக்கு மேலான வெப்பத்தைத் தாங்கும் இந்த ஓடுகள், விமான வேகத்தில் வந்து மோதும் மழைத்துளியைத் தாங்காது. எனவே மழைக்குள் போகக் கூடாது, மேகத்துக்குள் போகக் கூடாது, இரவில் பறக்கக் கூடாது. வானிலை பார்த்துச் சொல்ல இன்னொரு விமானம் சுமார் 160 கிலோமீட்டர் முன்னால் பறந்துகொண்டே போகும். வழி சரியில்லை என்று அது சொன்னால் ஏதாவது ஒரு விமானத்தளத்தில் இறங்கிக் காத்திருக்க வேண்டியதுதான். அந்த ஊர்க்காரர்களுக்கு அது திருவிழா.

1979 மார்ச்சில் கொலம்பியாவை முதன்முதலாகப் புளோரிடாவுக்குக் கொண்டுபோகக் கிளம்பியபோது சோதனைப் பறப்பிலேயே ஓடுகள் உதிர்ந்தன, சரிசெய்துவிட்டுத்தான் போனார்கள். இத்தனை பாடுக்கும் ஒவ்வொரு முறையும் பத்து லட்சம் டாலருக்கு மேல் செலவானது, நாட்களும் போயின. அதனால்தான் கென்னடியில் வானம் தெளியட்டும் என்று ஓடத்தை ஒரு நாள், இரண்டு நாள் மேலேயே சுற்றவிட்டுக் காத்திருந்தார்கள். பயணம் முடித்து இப்படிக் கடைசியாக வீடு திரும்பியது டிஸ்கவரி, 2009 செப்டம்பரில்.

2012-இல் ஓய்வுபெற்ற ஓடங்களை அருங்காட்சியகங்களுக்குக் கொண்டுசேர்த்ததோடு இரண்டு விமானங்களின் வேலையும் முடிந்தது. ஒன்று கலிபோர்னியாவின் பாம்டேலில் நிற்கிறது. முதலில் வாங்கியது ஹூஸ்டனில் இருக்கிறது, அதன் முதுகில் நிஜ அளவில் ஒரு மாதிரி ஓடம். படியேறி இரண்டுக்குள்ளும் போய்ப் பார்க்கலாம். கறுப்புப் பக்கம் கீழே பார்த்தபடிதான் இருக்கிறது.